தேனீக்குக் கட்டிய வேலி

என் சிறுவயதில் எங்கள் வீட்டு மாட்டுக்குத் தெரியாத குடும்ப விஷயம் ஒன்றும் இருக்கவில்லை. அப்பா எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்லுவார். வாய்க்காலில் தண்ணீர் முறை மாறியதும், உரம் வந்து சேராததும், பக்கத்து வளவுக்காரர் விடியற்காலையில் பம்பை இரைய விட்டு ஊரையே எழுப்பியதும் மாட்டுக்குத் தெரியும். மாட்டோடு பேசும்போது அப்பா முகத்தை வேலிப் பக்கம் திருப்பி, தொண்டையைச் செருமி, கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார். மாட்டுக்குக் காது மந்தமில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பெரியப்பாவுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

பெரியப்பா அப்பாவின் ஒரே அண்ணன். வட்டக்கச்சியில் அவர்களுடைய தகப்பனாருக்குக் கிடைத்த காணியை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள். சண்டைக்குப் பயந்து ஓடி, முகாமில் இருந்து, மீண்டும் ஊருக்கு வந்தபோது வீடும் இல்லை, வேலியும் இல்லை. பழைய வேலிக் கதியால் ஒன்றாவது நின்றிருந்தால் எல்லை எதுவென்று தெரிந்திருக்கும். அதுவும் இல்லாததால் அப்பா தன் ஞாபகத்தில் ஒரு எல்லையைக் காட்டினார், பெரியப்பா தன் ஞாபகத்தில் இன்னொன்றைக் காட்டினார். இரண்டுக்கும் இடையில் கிடந்த நிலம் ஒரு ஆடு காலை நீட்டிப் படுக்கக் காணாது. இருந்தும் அதற்காக, நடுவால் ஒரு பனையோலை வேலியை அடைத்துவிட்டு, இருவரும் ஒருவரோடொருவர் கதைப்பதை விட்டார்கள்.

கதையை விட்டார்களே தவிர, ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியவை குறையவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆளுக்கு நேரே சொல்லாமல் ஆட்டுக்கோ கோழிக்கோ சொல்லுவதைச் சாடை பேசுவது என்போம். அப்பாவுக்கு மாடு வாய்த்தது. பெரியப்பாவுக்கு வீமன் என்ற நாய் வாய்த்தது. அம்மாவும் பெரியம்மாவும் கோயிலிலும் பஸ் தரிப்பிலும் மணிக்கணக்காகக் கதைத்துச் சிரிப்பார்கள். கதையில்லாமல் இருக்கும் வேலையை ஆண்கள் இருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, அவர்கள் தங்கள் பாட்டில் இருந்தார்கள்.

அந்த வருடம் பெரும்போக நெல் வெட்டிய கையோடு அப்பா மேட்டுக் காணியில் பூசணி போட்டார். கொடி கொழுத்துப் படர்ந்தது. காலையில் போய்ப் பார்த்தால் மஞ்சள் பூக்கள் காணி முழுக்க வாயைத் திறந்துகொண்டு நிற்கும். காய்தான் நிற்கவில்லை. பெண் பூவின் அடியில் ஒரு குட்டிப் பூசணி இருக்கும். பார்க்க அவ்வளவு ஆசையாக இருக்கும். நாலைந்து நாளில் அது மஞ்சளடித்து, நுனி அழுகி, தொட்டதும் விழுந்துவிடும்.

பிஞ்சு விழுந்தால் எனக்கு ஏன் பயம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி, என் மாமா, கட்டாரில் இருந்தார். தன் கொம்பனியில் ஆள் எடுக்கிறார்கள், அத்தான் வருகிறாரா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு முந்திய போகத்தில் மிளகாய் கைவிட்டது. அப்பா பாஸ்போட் எடுத்து அலுமாரியில் அம்மாவின் கூறைச் சேலைக்கு அடியில் வைத்திருந்தார்.

"இந்தமுறை பூசணியும் சரிவராட்டி நான் வெளிக்கிடுறன்," என்று அம்மாவிடம் சொன்னதை நான் குசினி வாசலில் நின்று கேட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அலுமாரியைத் திறந்து அந்தப் பாஸ்போட்டை எடுத்துப் பார்ப்பேன். படத்தில் அப்பா சிரிக்காமல், தலையை எண்ணெய் வைத்துப் படிய வாரி, யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தார். அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே பூசணியைக் காய்க்க வைப்பது என் பொறுப்பு என்று நானே முடிவு செய்துகொண்டேன். அம்மாவோடு விடியத் தோட்டத்துக்குப் போவேன். ஆண் பூவைப் பிடுங்கி, இதழைக் கிழித்து எறிந்துவிட்டு, நடுவிலிருக்கும் மஞ்சள் தூளைப் பெண் பூவுக்குள் பூசிவிட வேண்டும். அம்மா இதைக் கலியாணம் கட்டி வைக்கிற வேலை என்பா. தாலி இல்லை, மேளம் இல்லை, மாப்பிள்ளையின் வேட்டியை மட்டும் உரிந்துவிட்டோம் என்று இருவரும் சிரிப்போம். ஆனால் வெயில் ஏறியதும் பூ வாயை மூடிவிடும். அதற்குள் இரண்டு பாத்தி முடிப்பதே பெரிய பாடு. குனிந்து குனிந்து அம்மாவின் நாரி பிடித்துக்கொள்ளும். மீதி மணப்பெண்கள் எல்லாம் காத்திருந்து வாடிப் போனார்கள்.

ஒருநாள் ஸ்கூட்டியில் விவசாயப் போதனாசிரியை வந்தா. இளம் ஆள். அப்பா பழுத்த இலையையும் விழுந்த பிஞ்சையும் காட்டிக்கொண்டிருக்க, அவா பூக்களுக்குள் மட்டும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தா.

"அண்ணை, தேனீயைக் காணேல்லையே."

"ஓம் மிஸ்," என்றார் அப்பா பெருமையாக. "நான் ஒரு பூச்சியையும் அண்ட விடுறேல்லை."

மிஸ் தலையில் கைவைத்தா. பிறகு பொறுமையாக விளங்கப்படுத்தினா. அம்மாவும் நானும் நாரி முறியச் செய்த வேலையைத் தேனீ செய்யும். செய்வதற்குத் தேனீ இருக்க வேண்டும். இருக்க வேண்டுமென்றால் பூத்த நேரத்தில் மருந்தடிக்கக் கூடாது, அடிப்பதாயின் பொழுது சாய்ந்த பின்தான் அடிக்க வேண்டும். சுற்றிவரப் பற்றைகளை வெட்டி எரித்ததில் ஊரில் தேனீ குறைந்துவிட்டது, ஒரு பெட்டி வைத்தால் நல்லது என்றா. அப்பா அதுவரை தேனீயைத் தேனுக்காக மட்டும் அறிந்த மனிதர். அதற்கும் ஒரு வேலை இருக்கிறது என்பதைக் கேட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

பெட்டி ஒரு பின்னேரம் மிஸ்ஸின் ஏற்பாட்டில், தேனீயோடும் அடைத் தட்டுகளோடும் வந்தது. எறும்பு ஏறாமல் நாலு காலுக்கும் தண்ணீர் ஊற்றிய தகரப் பேணி வைத்தோம். அம்மா பெட்டியின் நெற்றியில் திருநீறு பூசினா. வேலியோரம் நின்ற பூவரசு நிழலில் அதை வைத்தோம். மறுநாள் காலையில் பூசணிப் பூ ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முனகல் கேட்டது. உடம்பெல்லாம் மஞ்சள் மாவோடு தேனீ வெளியே வரும்போது, மா இடிக்கிற வீட்டிலிருந்து வருகிற ஆள் மாதிரி இருக்கும். ஒரு கிழமை கழிய, சில பிஞ்சுகள் விழாமல் நின்றன. நான் அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் அம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

எல்லாம் நல்லபடியாகப் போயிருக்கும், அப்பா ஒருநாள் பெட்டி வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திராவிட்டால். வெளியே வந்த தேனீக்களில் பாதி எங்கள் பூசணிக்குப் போயின. மீதிப் பாதி நேரே எழும்பி, வேலிக்கு மேலால், பெரியப்பாவின் பாகல் பந்தலுக்குப் போயின. அப்பா கதிரையை விட்டு எழும்பிவிட்டார்.

"எங்கட தேனீ, எங்கட பெட்டி. அவற்ற பாகல்ல அதுக்கு என்ன வேலை?"

"அதுக்கு எல்லை தெரியுமே?" என்றா அம்மா.

"தெரியாட்டித் தெரியப்படுத்துறன்."

வன்னியில் யாரோடு என்ன பிரச்சினை வந்தாலும் முதல் மருந்து வேலியை அடைப்பதுதான். ஆடு வந்தால் வேலி அடைப்பார்கள், கோழி வந்தால் அடைப்பார்கள், கண்ணூறு வந்தாலும் அடைப்பார்கள். அப்பா அந்த மருந்தைத் தேனீக்கும் கொடுத்தார். மீளக்குடியேறிய காலத்தில் கொட்டில் போடத் தந்த தகரங்கள் பின்வளவில் அடுக்கிக் கிடந்தன. அவற்றைத் தூக்கி, பனையோலை வேலிக்கு மேல் நெடுக்காக நிறுத்தி ஆணி அடித்தார். வேலியின் அடியில் வீமன் நுழைந்து வருகிற பொட்டையும் தகரத்தால் அடைத்தார். வேலை முடிந்து, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஒரு தேனீ தகரம் வரை போய், கொஞ்சம் யோசித்து, இன்னும் கொஞ்சம் உயர எழும்பி, அங்கால் போனது. அப்பா இன்னொரு வரிசைத் தகரம் எடுக்கப் போனார்.

தகரம் உயர்ந்ததைப் பெரியப்பா தனக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார். தேனீக்காக ஒருவன் வேலி கட்டுவான் என்று அவர் எப்படி நினைப்பார்? அடுத்த நாள் காலை அவருடைய மருந்து டாங்கியின் சத்தம் கேட்டது. பத்து மணிபோல் நான் பெட்டியடிக்குப் போனால், வாசலுக்குக் கீழே மண்ணில் தேனீக்கள் கிடந்தன. சில செத்திருந்தன. சில எழும்பத் தெரியாமல் ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருந்தன. நான் ஓவென்று அழுதேன். அப்பா வந்து பார்த்தார். நேரே போய் மாட்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"கேட்டியோ சிவப்பி," என்று தகரத்துக்கு நேரே நின்று கத்தினார். "பூ விரிஞ்சு நிக்கிற நேரம் மருந்தடிச்சா ஈ சாகும். பின்னேரம் அடிச்சா ஒண்டும் குறைஞ்சு போகாது. படிச்ச ஆக்கள் சொல்லுகினம்."

அந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் குரல் வந்தது.

"வீமா, என்ர வளவுக்கை நான் எப்ப மருந்தடிக்கிறது எண்டு ஆர் எனக்குச் சொல்லுறது? தங்கட ஈயைத் தாங்கள் கட்டி வளக்கச் சொல்லு."

அப்பா பதிலுக்கு நல்ல பேச்சொன்று வைத்திருந்தார். ஆனால் அதற்குள் சிவப்பி புல்லைக் கண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டது. மாடு இல்லாமல் பேசினால் அது நேர்ப் பேச்சாகிவிடும். அப்பா வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"ஓடிப்போய் அதைப் பிடிச்சுக்கொண்டு வா பிள்ளை. நான் இன்னும் கதைச்சு முடிக்கேல்லை."

நான் கண்ணீரும் மூக்குமாக மாட்டை இழுத்து வந்தபோது பெரியப்பா உள்ளே போயிருந்தார். அப்பாவின் அந்தப் பேச்சு கடைசிவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

பிறகு வெயில் ஏறியது. சித்திரை வெயிலில் தகரம் காய்ந்து, பக்கத்தில் நின்றாலே முகம் எரிந்தது. பெட்டி அந்தத் தகரத்தோடு ஒட்டித்தான் இருந்தது. தேனீக்கள் உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்து, வாசலில் தாடி மாதிரித் தொங்கி, சிறகை அடித்துக்கொண்டு நின்றன. அப்பாவுக்கு அதைப் பார்க்கப் பெரிய சந்தோஷம்.

"பாத்தியே, இப்ப அங்கால போற எண்ணம் இல்லை. வேலி விளங்கிட்டுது," என்று அம்மாவிடம் சொன்னார்.

சனிக்கிழமை காலை, பள்ளிக்கூடம் இல்லாத நாள், தூரத்தில் பம்ப் இரைவது போல் ஒரு சத்தம் கேட்டது. நான் வெளியே ஓடி வந்தேன். பெட்டியிலிருந்து தேனீக்கள் தண்ணீர் கொட்டுவது மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தன. வளவு முழுக்க ஒரு சுற்றுச் சுற்றி, ஒரே திரளாக எழும்பி, அப்பாவின் இரண்டு வரிசைத் தகரத்துக்கும் மேலால் போய்விட்டன. அப்பா பெட்டியைத் திறந்து பார்த்தார். தட்டுகளில் நாலைந்து ஈ மட்டும் நடந்து திரிந்தன.

அப்பா கோபிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொடியில் அப்போதுதான் இரண்டாம் முறை பூ பிடித்திருந்தது. அவர் பூசணியைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், படத்திலிருந்த ஆள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நான் பாஸ்போட்டை எடுத்துக் கிணற்றுக்குள் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தில் வீமன் குலைத்தது. பெரியம்மா கத்தினா.

"ஐயோ, பாகல் பந்தல்ல வந்து குந்தியிருக்குதுகள்! இஞ்சாருங்கோ, டாங்கியோட கிட்டப் போகாதேங்கோ!"

ஒழுங்கையால் சுற்றிப் படலைக்குப் போனால் நேரமாகும். அப்பா அலவாங்கை எடுத்து, தானே அடித்த ஆணிகளைத் தானே நெம்பினார். ஒரு தகரம் கழன்று விழுந்தது. பனையோலையைக் காலால் உதைத்துப் பிரித்து, வெறும் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பெரியப்பாவின் வளவுக்குள் கால் வைத்தார். நான் அவருடைய சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன்.

பந்தல் காலில் தேனீக்கள் ஒரு பலாக்காய் அளவுக்குத் திரண்டு தொங்கின. அதற்கு முன்னால் பெரியப்பா முதுகில் மருந்து டாங்கியோடு நின்றார். கை பம்புப் பிடியில் இருந்தது. இரண்டு வருடத்துக்கு மேலாக ஒருவர் முகத்தை ஒருவர் நேரே பார்க்காத அண்ணனும் தம்பியும் இப்போது ஐந்தடி இடைவெளியில் நின்றார்கள். நடுவில் வீமன்.

பெரியப்பா நாயைப் பார்த்தார்.

"வீமா, உந்தப் பெட்டியோட நிக்கிற ஆளிட்டைக் கேள். கட்டாருக்குப் போறதெண்டு ஊரெல்லாம் கதை. மெய்யோ?"

அப்பாவும் நாயைப் பார்த்தார்.

"பூசணி காய்ச்சா நான் ஏன் போறன் எண்டு சொல்லு."

"காய்க்காட்டி?"

"காய்க்காட்டிப் பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு சொல்லு."

வீமன் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. தன்னிடம் இரண்டு பேர் இவ்வளவு மரியாதையாகப் பேசியதை அது அனுபவித்த மாதிரித்தான் இருந்தது. பெரியப்பா ஒரு பெருமூச்சு விட்டார். டாங்கியின் வாரைத் தோளிலிருந்து கழற்றி, அதைத் தூரக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.

"அப்ப பிடிக்கச் சொல்லு."

அந்த நேரம் பார்த்து ஒரு தேனீ வீமனின் மூக்கில் குத்தியது. வீமன் ஊளையிட்டுக்கொண்டு வாலைக் காலுக்குள் வைத்து ஓடிப்போய்விட்டது. இருவரும் திகைத்து நின்றார்கள். ஈ இருக்கிறது, பெட்டி இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள். கதைப்பதற்கு மட்டும் வழியில்லை. அப்போது பெரியப்பாவின் கண் என்மேல் விழுந்தது.

"பிள்ளை, கொப்பரிட்டைச் சொல்லு, பெட்டியைக் கீழ பிடிக்கச் சொல்லி. நான் கம்பை மெல்ல ஆட்டுறன்."

அப்பா பக்கத்திலேயே நின்றார். அவர் காதில் எல்லாம் விழுந்தது. இருந்தாலும் நான் திரும்பி, "அப்பா, பெட்டியைக் கீழ பிடிக்கட்டாம்," என்றேன்.

"சரியெண்டு சொல்லு. ராணி உள்ளுக்கை விழுந்தாத்தான் மற்றதுகள் வருமாம், மிஸ் சொன்னவா. உலுப்பிப்போடாமல் ஆட்டச் சொல்லு."

"பெரியப்பா, உலுப்பிப்போடாமல் ஆட்டட்டாம்."

"நான் என்ன புளியம்பழமே உலுப்புறன் எண்டு கேள்."

இப்படி வீமன் விட்டுப்போன உத்தியோகத்தை நான் பார்த்தேன். பெரியம்மா சீனித் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்து தெளித்தா. அம்மாவும் வேலி பிரிந்த வழியால் வந்துவிட்டா. பெரியப்பா கம்பை ஆட்ட, திரளில் பெரும்பகுதி பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. அப்பாவுக்குக் காதிலும் பெரியப்பாவுக்குச் சொண்டிலும் குத்து விழுந்தது. பெரியப்பாவின் மேற்சொண்டு பணியாரம் மாதிரி வீங்கியதைப் பார்த்து அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் வானத்தைப் பார்த்தார். மீதித் தேனீக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாங்களாகவே வாசலால் உள்ளே போகத் தொடங்கின. ராணி உள்ளே விழுந்துவிட்டது. நான் குதித்தேன். யாரும் குட்டவில்லை.

இனிப் பெட்டியை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. அப்பா ஒன்று சொல்ல, பெரியப்பா ஒன்று சொல்ல, நான் இரண்டு பக்கமும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்டுபோனேன். கடைசியில் அம்மாதான் பெட்டியைத் தூக்கச் சொல்லி, வேலி பிரிந்து கிடந்த அந்த இடைவெளியிலேயே வைக்கச் சொன்னா. இருவரும் எந்தத் துண்டு நிலத்துக்காகக் கதையை விட்டார்களோ, அந்தத் துண்டிலேயே பெட்டி நின்றது. தேனீக்கள் குத்தும் என்பதால் பிறகு அதில் ஒருவரும் உரிமை கொண்டாடப் போகவில்லை. தகரங்களை அப்பா ஒவ்வொன்றாகக் கழற்றிப் பின்வளவில் அடுக்கினார். வெயில் படாமல் பெட்டிக்குமேல் இரண்டு ஓலைக் கிடுகு போட்டது பெரியப்பா.

அதன் பிறகு அந்தப் பக்கத்து மருந்து டாங்கி பொழுது சாய்ந்த பின்தான் இரைந்தது. இரண்டாம் பூவில் பிடித்த பிஞ்சுகள் நின்றன, உருண்டன, பெருத்தன. பந்தலில் பாகற்காய் நெருக்கமாகத் தொங்கியது. பூசணி வெட்டிய நாளில் பெரியப்பாவின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் எங்கள் படலையில் வந்து நின்றது. வீமனுக்குத்தான் சொன்னார், கிளிநொச்சிச் சந்தைக்கு எப்படியும் தான் பாகற்காய் கொண்டு போகவேண்டும், பின்னால் இழுக்கிற இழுவைப் பெட்டியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது என்று. அப்பா சிவப்பியிடம் நன்றி சொன்னார்.

மாமா கட்டாரிலிருந்து போன் எடுத்தபோது, "இப்ப வரேலாது, இஞ்ச கனக்க வேலை கிடக்கு," என்று அப்பா சொன்னது என் காதில் தேன் மாதிரி விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் நான் கேட்டேன்.

"அப்பா, நீங்களும் பெரியப்பாவும் இனிக் கோபமில்லையோ?"

"ஆர் சொன்னது?" அப்பாவுக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. "அவரோட எனக்கு ஒரு கதையும் இல்லை."

சொல்லிவிட்டு விறுவிறென்று மாட்டை அவிழ்த்துக்கொண்டு வேலியடிக்குப் போனார். அதற்கு முந்திய நாள் பெய்த மழையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. நான் அம்மாவிடம் போய், இவ்வளவும் நடந்தும் இன்னும் கதையில்லையே என்று மூக்கைச் சிந்தினேன். அம்மா கீரை ஆய்ந்த கையோடு விழுந்து விழுந்து சிரித்தா. எனக்கு அவாமேல் ஆத்திரமாக வந்தது.

பூசணி காய்த்ததால்தான் அப்பா போகவில்லை என்று நான் நெடுங்காலம் நம்பியிருந்தேன். அடுத்த வருடம் காலம் தப்பிப் பெய்த மழையில் பூசணி கொடியோடு அழுகியது. அலுமாரியில் பாஸ்போட் இருந்தது, மாமாவும் கேட்டார். அப்பா அப்போதும் போகவில்லை. கட்டாரில் அவருக்கு வேலை இருந்தது, படுக்க இடம் இருந்தது, அம்மாவின் தம்பியும் இருந்தார். விடிந்ததும் எழும்பிப் போய்க் கதைக்காமல் இருப்பதற்கு அங்கே ஓர் அண்ணன் இருக்கவில்லை என்பது எனக்கு அந்த வயதில் விளங்கவில்லை.